ஆளை விடு கட்சி

என் மனைவி ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்பதே எனக்கு அவள் தம்பி சொல்லித்தான் தெரியும். "என்ன மாமா, அக்கா அரசியல்ல குதிச்சுட்டாளாமே!" என்று போனில் சிரித்தான். ஒரே வீட்டில் இருக்கிற மனுஷன் நான், எனக்குத் தெரியவில்லை. வெளியூரில் இருக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. கோபம் வருமா வராதா?

நேரே முன்னறைக்குப் போனேன். அவள் ஒரு அம்மாளுக்குப் பின்கழுத்து முடியைச் சீர் செய்துகொண்டிருந்தாள்.

"கட்சியில சேர்ந்துட்டியாமே?"

"ஆமாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

நாற்காலியில் இருந்த அம்மாள் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். கத்தரிக்கோலைக் கையில் வைத்திருப்பவளோடு வாதாடக் கூடாது என்பது கல்யாணமான புதிதிலேயே நான் கற்றுக்கொண்ட பாடம்.

எங்கள் முன்னறைதான் அவள் கடை. வீதியைப் பார்த்த ஜன்னல், ஓரத்தில் ரசம் போன ஒரு கண்ணாடி, நடுவில் அந்த நாற்காலி. பழைய நாற்காலி. மிதியை மிதித்தால் உயரும், அப்புறம் அது பாட்டுக்குப் புஸ்ஸென்று இறங்கும். வெட்ட ஆரம்பிக்கும்போது அவள் தோளுக்கு இருக்கிற தலை, முடிக்கும்போது இடுப்புக்கு வந்திருக்கும். இந்த நாற்காலிதான் எங்கள் இருவரையும் சாப்பிட வைக்கிறது. நான் பஸ் ஓட்டியவன். முதுகு போனதும் வண்டியும் போயிற்று.

அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வேலை போன பிறகு நான் சமையலறை மூலையில் உட்கார்ந்தே கிடந்தேன். ஊரே வந்து உபதேசம் பண்ணியது. நடங்க, யோகா பண்ணுங்க, வாட்ச்மேன் வேலைக்காவது போங்க, இப்படி உட்கார்ந்திருந்தா எப்படி? மச்சான் ஒரு படி மேலே போய், என்னைக் கேட்காமலே எனக்கு ஒரு வேலைக்குப் பேசி முடித்துவிட்டு வந்தான். நான் போகவில்லை. ஒருத்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. டீ போட்டால் எனக்கும் ஒரு டம்ளர் வைப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து தன் டீயைக் குடிப்பாள், எழுந்து போவாள். 'இவளுக்கு என்மேல் அக்கறையே இல்லை' என்றுகூட அப்போது நினைத்தேன். ஒருநாள் முன்னறையில் முடி குவிந்து கிடந்தது. ஏன் என்று தெரியாது, நானே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். இன்றுவரை பெருக்குவது நான்தான்.

சரி, கட்சிக்கு வருகிறேன். அவளை அதில் கொண்டுபோய் விட்டவர் சாவிக்கடைக்காரர். முடி வெட்டிக்கொள்ள வருவார். தலையில் இருப்பது கொஞ்சம், வாயில் இருப்பது நிறைய. அவர்களுக்குத் தன்விருப்பக் கட்சி என்று பெயர். சுதந்திரவாதம், தனிமனித உரிமை என்றெல்லாம் சொல்லுவார். ஒருநாள் அவள், "அண்ணே, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. அடுத்தவனை அடிக்காதே, ஏமாத்தாதே, அவன் பொருளைத் தொடாதே. இதைத் தாண்டி அவன் எப்படி வாழணும்னு நீயும் சொல்லாதே, அரசாங்கமும் சொல்ல வேண்டாம். கூடி ஒண்ணு பண்ணணும்னா சம்மதிச்சுப் பண்ணுங்க. அவ்வளவுதான்."

"இதுக்கு ஒரு கட்சியா? இதை நான் வீட்டுலயே பண்ணிக்கிட்டிருக்கேனே!" என்று சொல்லிவிட்டுச் சேர்ந்துவிட்டாளாம்.

நான் அதற்கு ஆளை விடு கட்சி என்று பெயர் வைத்தேன். மொத்தமே ஒரு வேனில் அடங்கிவிடும் கூட்டம். தலைவர் கிடையாது, ஏனென்றால் யாரும் யாருக்கும் கட்டளையிடக் கூடாது. கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்றும் கிடையாது, அதனால் பாதிப் பேர் வர மாட்டார்கள். பஸ் ஓட்டியவனுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்காதா? சிவப்பு விளக்கில் நிற்கிறவனும் நிற்கலாம், போகிறவனும் போகலாம் என்றால் வண்டி வீடு வந்து சேருமா என்று கேட்பேன். "மோதினா தப்புதான். மோதாத வரைக்கும் உங்களுக்கு என்ன?" என்பாள்.

அப்போதுதான் நகர மன்றத்திலிருந்து ஆணை வந்தது. குடியிருக்கும் வீட்டில் தொழில் நடத்தக் கூடாதாம், நாற்காலியை எடுத்துவிட வேண்டுமாம். அந்த விதி வெகுநாளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. யாராவது புகார் கொடுத்தால்தான் அது கண்ணைத் திறக்கும். கொடுத்தவர் எதிர்வீட்டு வயலின் வாத்தியார். எங்கள் முடி உலர்த்தும் மிஷின் போடுகிற சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லையாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இப்பவே போய் அந்த ஆளை நாலு வார்த்தை கேக்கறேன்!" என்று செருப்பை மாட்டினேன்.

"எதுக்கு? சத்தம் வருதுல்ல? அது அவர் காதுங்க."

அவளே எதிர்வீட்டுக்குப் போய்ப் பாடம் எந்த நேரம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள். புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "புகார் கொடுக்கறது அவர் உரிமை, நான் போய் அழுது எடுக்க வைக்கக் கூடாது" என்றாள். அன்றிலிருந்து பாட நேரத்தில் எங்கள் மிஷின் ஓடாது. ஈரத் தலையோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, எதிர்வீட்டுப் பிள்ளைகள் வயலினைக் கதற விடுவதைக் கேட்பார்கள். ஒருத்திக்குச் சளியே பிடித்துவிட்டது.

மன்றத்தில் விசாரணை வைத்தார்கள். எந்தக் கட்சியானாலும் ஒருவர் பேசலாம், மணி அடிக்கும்வரை. அவள் கட்சிக்காரர்கள் நேரம் கேட்டு வாங்கியிருந்தார்கள். கூப்பிட்டதும் சாவிக்கடைக்காரர் எழுந்தார். எழுந்தவர் திரும்பி, "உங்க எல்லார் சார்பாவும் நான் பேச உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் ஒருவருக்குச் சந்தேகம்: கட்சியில் இருக்கிற மெக்கானிக் வேனை நிறுத்தப் போயிருக்கிறாரே, அவரைக் கேட்காமல் 'நாங்கள்' என்று எப்படிச் சொல்வது? 'நாங்கள், மெக்கானிக் நீங்கலாக' என்று சொல்லலாமா? அவரை நீக்குவதற்கு அவர் சம்மதம் வேண்டாமா? என் மனைவியும் அதில் சேர்ந்துகொண்டு தீவிரமாக யோசித்தாள். மணி அடித்துவிட்டது. ஐயோ, தலையில் அடித்துக்கொண்டேன்! நாற்காலி போகப்போகிறது, இவர்கள் மெக்கானிக்கின் மனசாட்சியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்! நல்லவேளை, மன்றத்தில் வேறு தகராறு கிளம்பி முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

அடுத்த கூட்டத்தில் அவள் தனக்காகத் தானே பேசுவதாகச் சொல்லிவிட்டாள். வாத்தியாரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் மன்றத் தலைவர் குழைந்தார். அவர் வீட்டம்மா எங்கள் நாற்காலியில்தான் முடிக்குச் சாயம் போட்டுக்கொள்கிறார், அது ஊருக்கே தெரியும்.

"அம்மா, உங்களுக்கு மட்டும் சிறப்பு விலக்கு தரலாம்னு இருக்கோம். நீங்க கவலைப்படாம நடத்துங்க. ஆனா விதின்னா விதிதான். புகார் கொடுத்தவரும் வீட்டுலதானே பாடம் எடுக்கறார்? அதை நிறுத்திடுவோம்."

வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது. தான் செய்வதும் தொழில்தான் என்று அந்த மனுஷருக்குத் தோன்றியதே இல்லை போலிருக்கிறது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. நன்றாக வேண்டும்!

அவள் திரும்பி வாத்தியாரை ஒரு தடவை பார்த்தாள்.

"எனக்கு விலக்கு வேண்டாங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"அவர் வீட்டுல அவர் பாடம் நடத்தறார், இஷ்டப்பட்டவங்க பிள்ளைங்களை அனுப்பறாங்க. என் வீட்டுல நான் முடி வெட்டறேன், இஷ்டப்பட்டவங்க வர்றாங்க. சத்தம் தப்புன்னார், நிறுத்திட்டேன். இதுல எனக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா? அவர் பாடத்தை நிறுத்தித்தான் என் நாற்காலி நிக்கணும்னா, அது வேண்டாம்."

"அப்போ ரெண்டையும் மூட வேண்டியிருக்கும்."

"மூடுங்க. அந்த விலக்கை என் வாயால கேட்டு வாங்க மாட்டேன்."

பாவி, எழுந்து கத்தலாமா என்று பார்த்தேன். அதற்குள் பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. வாத்தியார் எழுந்து நின்றார்.

"நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். பயந்து இல்ல. இவங்க அன்னிக்கே மிஷினை நிறுத்திட்டாங்க. நான்தான் அப்பவே வந்து சொல்லியிருக்கணும்."

தலைவர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா, புகார் இல்லையென்றால் விசாரணையும் இல்லை, ஆணையும் இல்லை என்றார். அந்த விதி மறுபடியும் தூங்கப் போய்விட்டது. சாவிக்கடைக்காரர் அதை ஒரேயடியாகத் தூக்க வேண்டும் என்று இப்போதும் மனு மேல் மனு போட்டுக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலை வாத்தியார் முடி வெட்டிக்கொள்ள வந்தார். வெட்டி முடிக்கும்போது நாற்காலி வழக்கம்போலப் புஸ்ஸென்று இறங்கியது, மனுஷர் பதறிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். போகும்போது என்னிடம் "நன்றிங்க" என்றார். எனக்கெதற்கு நன்றி? அவர் முடியைப் பெருக்கிக்கொண்டே அவளிடம் கேட்டேன்.

"நேத்து நாற்காலி போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"அழுதிருப்பேன். அப்புறம் வீடு வீடாப் போய் வெட்டியிருப்பேன்."

துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். வெகுநாளாகக் கேட்காமல் வைத்திருந்தது ஒன்று வந்துவிட்டது.

"நான் மூலையில உக்காந்திருந்தேனே. நான் எந்திரிக்கவே இல்லேன்னா?"

அவள் சீப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"பக்கத்துல உக்காந்திருப்பேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே என்னைப் பிடித்து இழுத்தபோது, தானாக எழுந்திருப்பேன் என்று நம்பிப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவள் இவள் ஒருத்திதான். அக்கறை இல்லை என்றல்லவா நினைத்தேன்! இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்ததற்கு யாரிடம் போய் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவளிடமே சொன்னேன். "சரி சரி, அந்த மூலையில இன்னும் முடி கிடக்கு பாருங்க" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "இஷ்டமிருந்தா" என்று சேர்த்தாள்.

கட்சியில் நானும் சேரட்டுமா என்று கேட்டேன். அது உங்கள் இஷ்டம் என்றாள். இது ஒரு பதிலா! அந்த வாரக் கூட்டத்துக்குத் தனியாகவே கிளம்பிப் போனேன். யாரையும் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்திருக்கக் கூடாதாம், அதனால் புதிதாக வருகிறவரை ஒரு கேள்வி கேட்பார்கள். சாவிக்கடைக்காரர் கேட்டார்:

"யார் சொல்லி வந்தீங்க?"

அவள் பின்னால் மெக்கானிக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் சொல்லலைங்க" என்றேன்.