இசக்கிமுத்து வகையறாவின் பிடிமண்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கருப்பட்டி மூட்டை அடுக்கும் கிட்டங்கி, இரண்டு லாரி, பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டையில் மாடி வீடு, செம்மணல் மேடான தேரியில் எங்கள் குலசாமி கோயிலுக்குச் சுற்றுச்சுவர், சிமெண்டுத் தளம், இத்தனையும் போட்டவன் மூன்றாம் வகுப்போடு நின்ற நான்தான். ஆனாலும் உள்ளங்கையை முகர்ந்தால் இன்றைக்கும் எனக்கு வெயிலில் காய்ந்த செம்மண் வாடைதான் அடிக்கிறது. நான் சாதித்த முதல் காரியம் அந்த மண்ணில்தான்.

உலகச் சண்டை நடந்த காலம், எனக்குப் பத்து வயது. தங்கம் அக்காவுக்கு வந்த சம்பந்தம் ஒரு கேள்வியில் தொங்கியது. குடி பெயர்கிறவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் சாமியை நிறுத்துவது எங்கள் வழக்கம், அதுதான் ‘பிடிமண்’. இரண்டு வீட்டுக்கும் சாமி சுடலைமாடன். பிடிமண்ணும் ஒரே இடத்தது என்றால் அண்ணன் தம்பி முறையாகிவிடும். பெண் கொடுக்க முடியாது.

“ஒங்க மண்ணு எங்கன எடுத்தது அண்ணாச்சி?” என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டபோது, எங்கள் அப்பாவுக்கு, நாங்கள் மண் எடுத்து வந்த புதுக்கோட்டைக் கோயிலைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. இதே கேள்வியில் ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா சித்தப்பாவை அனுப்பினார். “கால்ல சக்கரம் கட்டுன பய, வீட்ல இருப்புக் கொள்ள மாட்டான், இவனையும் கூட்டிட்டுப் போ” என்று என்னையும் தள்ளிவிட்டார். நடந்தே புதுக்கோட்டை போனோம். “எடுத்த எடம் குலசேகரன்பட்டினத்துத் தேரியில்லா!” என்றார் பூசாரி. அவ்வளவு தூரமா என்றதுமே சித்தப்பாவுக்குக் காலில் முள் தைத்துவிட்டது. மச்சான் வீட்டில் படுத்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் போன மாட்டு வண்டியில் தொற்றிக்கொண்டேன்.

தேரியில் ஒரு பனையேறி மரத்தில் இருந்தபடியே, “ஏலே, யாருலே நீ? மண்ணு திங்க வந்தியோ?” என்றார். தாத்தா பெயரைச் சொன்னதும் இறங்கி வந்து ஒரு கிணற்றைக் காட்டினார். “இசக்கிமுத்து வகையறாவா நீ! ஒங்க தாத்தாவுக்கே பாட்டன், ஆளு அண்டாத தேரியில மொத மொத குடியேறுனவரு அவருதாம்ல. ஒரு கடப்பாரையும் ஒரு சாக்குப் பனங்கொட்டையும்தான் கொண்டாந்தாராம். இந்தத் தண்ணியும் இந்தப் பனையும் அவரு போட்டது.” பக்கத்திலேயே சாமி பீடம். அதனடியில் ரத்தச் சிவப்பாகக் கிடந்த மண்ணை ஒரு பிடி அள்ளித் துண்டில் முடிந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா முன்னால் அதை அவிழ்த்தேன். விரலால் தொட்டுப் பார்த்தார். “எங்க சாமி கரிசக் காட்டுல இருந்து வந்தது. எங்க மண்ணு கருப்பு, இது செவப்பு. தாராளமா முடிக்கலாம்.” அக்கா என் அழுக்குக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இப்போது சித்தப்பாவின் பேரன், கல்லூரி வாத்தியார், எங்கள் வம்ச வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறான். ‘தேரி வரை சென்று பூர்வீகம் கண்டவர்’ என்று அதில் சித்தப்பாவின் பெயர்! கேட்டால், “ஆதாரம் இருக்கா பெரியப்பா?” என்கிறான்.

உட்கார முடியவில்லை எனக்கு. ஆதாரம் எடுத்துவர, போன வாரம் நானே தேரிக்குப் போனேன். கிணறு தூர்ந்துவிட்டது. இசக்கிமுத்து போட்ட பனையில் ஒன்றுகூட இல்லை. பீடத்தடியில் ஒரு பிடி அள்ளக் குனிந்தேன், நகம் வழுக்கியது. நான் போட்ட சிமெண்டு.

இனி அங்கே எவனும் பிடிமண் எடுக்க முடியாது. ஆகவே, தம்பி, புத்தகத்தில் திருத்து. மண்ணை எடுத்து வந்தவன் பெயரைப் போடு, மண்ணை மூடியவன் பெயரையும் போடு. இரண்டும் என் பெயர்தான்.