பால்மரத்து ரயில்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவுக்கு வெளியே, சிம்பாங் பூலாய் போகும் சாலையில் இருந்த ஒரு நாற்காலிப் பட்டறையில் வேலை செய்தேன். ஆண்கள் அறுத்தார்கள், கடைந்தார்கள், பூட்டினார்கள். பெண்கள் நாங்கள் மணல்தாள் வைத்துத் தேய்த்தோம். காலையிலிருந்து மாலை வரை நாற்காலிக் கால்கள்தான். வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் தண்ணீர் அரிசி கழுவியது மாதிரி வெளுத்து ஓடும்.

கல்யாணமாகி மூன்றாவது வருடம் அது. என் கணவர் ஈப்போ - கோப்பெங் பஸ்ஸில் கண்டக்டர். பலகை வீடு ஒன்றின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கோப்பெங்கைத் தாண்டி இருந்த ரப்பர் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அம்மா அங்கேதான் என் அண்ணன் குடும்பத்தோடு, தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் இருந்தார். முடிந்த ஞாயிறுகளில் நாங்களும் அங்கே போய்விடுவோம். லயத்து முனையில் பலகையால் கட்டிய சிறிய மாதா கோயில் ஒன்று உண்டு. சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் உபதேசியார் செபம் சொல்லிச் சமாளிப்பார்.

அந்த உபதேசியாருக்குக் கிறிஸ்துமஸ் நெருங்கினாலே ஒரு கவலை வந்துவிடும். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு மிட்டாய்ப் பொட்டலமும் ஒரு பலூனும் கொடுப்பார்கள். பலூன் கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் வெடித்துவிடும். பிள்ளைகள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவார்கள். அந்த வருடம் பூசை முடிந்ததும் வாசலில் நின்று அதையே சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, வாயைத் திறந்தேன்.

"எங்க பட்டறைல மரத்துண்டு குப்பையா கெடக்கு. நான் வெளயாட்டுச் சாமான் செஞ்சு கொண்டாரேன்."

நான் செருப்பை மாட்டி முடிப்பதற்குள் அவர் அதை வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் அறிவித்துவிட்டார். அம்மா மட்டும் அன்றைக்கு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர் கேட்டார், "நீ எப்ப மரம் அறுத்திருக்க?" நான் மரத்தை அறுத்ததே இல்லை. தேய்க்க மட்டும்தான் தெரியும்.

முதலாளியிடம் கேட்டபோது, எப்படியும் அடுப்புக்குத்தானே போகிறது என்று கையை அசைத்துவிட்டார். தினமும் ஒரு பை நிறையத் துண்டுகளைச் சுமந்து வந்தேன். முதலில் ஒரு லாரி. உடம்பு சுலபமாக வந்தது. சக்கரம்தான் மானத்தை வாங்கியது. சின்ன ரம்பத்தால் நான் அறுத்த நாலு சக்கரமும் நாலு வடிவம். என் கணவர் கயிறு கட்டித் தரையில் இழுத்துப் பார்த்தார். லாரி நொண்டி நொண்டி நடந்து, சுவரோரம் போய்க் கவிழ்ந்தது. அவர் வெகுநேரம் சிரித்தார். மரக்கிளையை வட்டமாக நறுக்கிப் பார்த்தேன். நாலாம் நாள் காய்ந்து, பிளந்துவிட்டது.

கடைசியில் பட்டறையில் நாற்காலிக் கால் கடையும் சீனக் கிழவரிடம் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த மலாயில், கையை வட்டமாகச் சுற்றிக் காட்டிச் சொன்னேன். அவர் கழித்துப் போட்டிருந்த மேசைக் கால்களை எடுத்தார். பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே, வாழைக்காய் சீவுகிற மாதிரி வரிசையாக அறுத்துத் தள்ளினார். ஒரே அளவில், உருண்டையாக, ஒரு சாக்குச் சக்கரம். மேசைக்கு நாலு கால் போதும், உன் பிள்ளைகளுக்கு எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார். அவரும் அப்போதே 'உன் பிள்ளைகள்' என்றுதான் சொன்னார். நான் கவனிக்கவில்லை.

அதன்பிறகு வேலை சூடு பிடித்தது. லாரி, வாத்து, யானை. பிறகு ரயில். எஞ்சினுக்குப் பின்னால் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கியும் வளையமும். என் கணவருக்கு ஆணி அடித்தால் விரல்தான் நசுங்கும் என்பதால் சாயம் பூசும் வேலை அவருக்கு. கடைப் பலகை எழுதும் சிநேகிதர் ஒருவர் மிச்சச் சாயம் கொடுத்திருந்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள், இவ்வளவுதான். அதனால் எங்கள் யானை சிவப்பு. அது பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்ததை இருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தோம்.

சாய வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் குமட்டிக்கொண்டு வந்து, பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். கீழ் வீட்டு அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். என்ன தங்கச்சி என்று கேட்டபடி என்னைப் பிடித்து மேலே கூட்டி வந்தார். மேசை மேல் மர வாத்தும் யானையும் வரிசையாக நின்றன. அக்கா அவற்றைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. என் தலையைத் தடவிவிட்டுக் கீழே போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு கிண்ணத்தில் மாங்காய் ஊறுகாய் வந்தது. நல்ல மனசு என்று நினைத்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அந்தப் பக்கத்துத் தமிழர்கள் எல்லாரும் என் கணவரின் பஸ்ஸில்தான் போவார்கள். ஒரு வாரம் போனது. ரொம்பச் சந்தோஷம் தம்பி, நல்ல காரியம் என்று ஆளுக்கு ஆள் அவர் கையைப் பிடித்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். பொம்மை விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் பெருமை. வேலைக்குப் போய்வந்து அவள்தான் ராவும் பகலும் கஷ்டப்படுகிறாள், நான் கூடமாட ஒத்தாசை என்று அவரும் பணிவாகப் பதில் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் ஏன் எல்லாரும் சிரித்தார்கள் என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

மறு ஞாயிறு காலையில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் அம்மா. ஒரு கையில் கால் கட்டிய கோழி, இன்னொரு கையில் முருங்கைக் கீரைக் கட்டு, கக்கத்தில் ஒரு துணி மூட்டை. இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருக்கிறார். உள்ளே வந்து, மேசை மேல் இருந்ததை எல்லாம் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"இப்பவே இவ்ளோ சாமானா? எத்தன மாசம்லா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. ஊறுகாய், பஸ், சிரிப்பு, எல்லாம். பின்னால் நின்ற என் கணவர் மெதுவாகக் கோழியை வாங்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனார்.

"இல்லம்மா. இதெல்லாம் கோயில் பிள்ளைங்களுக்கு."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் இருந்த மூட்டை அவிழ்ந்து கிடந்தது. தன் பழைய சேலைகளைத் துவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து, அழகாக மடித்து அடுக்கியிருந்தார். கல்யாண வீடுகளில், பஸ் நிறுத்தத்தில், யார் என்ன கேட்டாலும் சிரித்துச் சமாளிக்கப் பழகியவள் நான். அந்த மடித்த துணிகளைப் பார்த்ததும் மட்டும் சிரிக்க வரவில்லை. திரும்பி நின்றுகொண்டேன்.

அம்மா எழுந்தார். பச்சைச் சாயம் வழிந்திருந்த ஒரு வாத்தை எடுத்து, அடுக்கின் மேலிருந்த துணியால் அழுத்தித் துடைத்தார்.

"நல்லா மெத்துன்னு இருக்கு. சாயம் தொடைக்க ஆவும்," என்றார்.

அவ்வளவுதான். அந்தப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. என் மகள் பிறந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. அப்போது அம்மா கடையில் வாங்கிய புதுத்துணியோடு வந்தார்.

அன்றைக்குத் திரும்ப வேண்டியவர், கிறிஸ்துமஸ் வரை எங்களோடு தங்கிவிட்டார். ஒரு மரத்துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, இது பால்மரம்தானே என்று கேட்டார். ஆமாம், வயதான ரப்பர் மரங்களை வெட்டி இப்போது நாற்காலி செய்கிறார்கள் என்றேன். அம்மாவால் நம்ப முடியவில்லை.

"பால் எடுத்தது பத்தாதுன்னு, இப்ப மேல ஏறி உக்காரவும் ஆரம்பிச்சிட்டாங்களா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அதற்கு முந்தின வருடம்தான் கத்தியைக் கீழே வைத்திருந்தார். மணல்தாளைப் பிடித்தால் அவர் கைக்கு ஓய்வே கிடையாது. நான் பட்டறையிலிருந்து திரும்பும்போது பொம்மைகள் வழவழவென்று இருக்கும். கண் வரையும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். தீக்குச்சியைச் சாயத்தில் தோய்த்துப் பெரிது பெரிதாகக் கண் வைத்தார். வாத்து, யானை எல்லாம் ஏதோ கெட்ட செய்தி கேட்டு அதிர்ந்துபோன மாதிரி விழித்தன. ரயில் எஞ்சினுக்கும் கண் வைத்துவிட்டார். எஞ்சினுக்கு எதற்கு என்றேன். பாதையைப் பார்த்துப் போக வேண்டாமா என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று என் கணவருக்கு வேலை. அதனால் பொம்மைச் சாக்குகள் அவர் பஸ்ஸிலேயே வந்தன. தோட்டத்து முக்கில் பஸ் நின்றதும், பயணிகள் கைமாற்றிக் கைமாற்றி இறக்கிக் கொடுத்தார்கள். வழியெல்லாம் மழை. நாலைந்து நாளாகவே மழைதான்; சாயம் சரியாகக் காயவில்லை. அதைக் கோயிலுக்குப் போய்ச் சாக்கைத் திறந்தபோதுதான் கண்டுபிடித்தோம்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று காத்திருந்தது. உபதேசியார் சந்தோஷத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை வரை போய், எல்லாப் பிள்ளைகளும் வாங்க என்று சொல்லியிருக்கிறார். வேதக்காரப் பிள்ளைகள் கொஞ்சம்தான். அவர்களுக்கு எண்ணித்தான் செய்திருந்தேன். இப்போது மாரியம்மன் கோயில் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் தலை வாரி, பவுடர் பூசி, திருநீறு வைத்து வந்து நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டி மழைக்குள் நீண்டது. உபதேசியார் என் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தார்.

வாத்து தீர்ந்தது. லாரி தீர்ந்தது. யாரும் வாங்க மாட்டார்கள் என்று நான் பயந்த யானையைப் 'பன்னி, பன்னி' என்று கேட்டு வாங்கிப் போனார்கள். சாக்கில் மிஞ்சியது ரயில்கள் மட்டும். வரிசையோ பாதிகூடக் குறையவில்லை. அம்மா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் உட்கார்ந்தார். ஒரு ரயிலை மடியில் வைத்து, கொக்கியைக் கழற்றினார். எஞ்சின் ஒருவனுக்கு. பெட்டி ஒருத்திக்கு. அடுத்த பெட்டி அடுத்தவனுக்கு. கடைசிப் பிள்ளை வரைக்கும் ஏதோ ஒன்று கையில் கிடைத்தது.

எஞ்சின் கிடைத்த பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. அதிலும் ஒருவன், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்குப் பின்னால் இருந்தவன், எஞ்சினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் அனுமதியில்லாமல் யாரும் பெட்டி மாட்டக்கூடாது என்று சட்டம் போட்டான். மற்ற பிள்ளைகள் கொஞ்ச நேரம் அவன் பின்னால் சுற்றினார்கள். மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண்ணுக்கு அலுத்துவிட்டது. தன் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஒரு கைக்குட்டையை விரித்தாள். இது கட்டில் என்றாள். அடுத்தவன் தன் பெட்டியில் ரப்பர் கொட்டைகளை நிரப்பி, மீன் லாரி என்று கூவிக்கொண்டு போனான். இன்னொருத்தி கடை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின்காரன் தனியாக நின்றான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. பிறகு அந்த மஞ்சள் கவுன் பெண்ணிடம் போய்க் குந்தி உட்கார்ந்தான்.

"கொஞ்ச நேரம் மாட்டிக்கிறேன்லா. அப்புறம் தந்துடுறேன்."

"கட்டில்ல பாப்பா தூங்குது," என்றாள் அவள். "எழுந்தோன வா."

அவன் காத்திருந்தான்.

பன்னிரண்டு மணிக்குமேல் மழை வலுத்தது. பெரியவர்கள் எல்லாரும் லயத்து அஞ்சடியில் ஒதுங்கி உட்கார்ந்தோம். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒரே கூரையின் கீழ் நீண்ட சிமெந்துத் தரை அது. புதுச் சட்டைகளில் எல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கைரேகை. தாய்மார்கள் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, அது அப்பிக்கொண்டதும் விட்டுவிட்டார்கள். ஒருத்தி மட்டும் என்னிடம், தீபாவளிக்கும் செய்வீங்களா, செஞ்சா கொஞ்சம் முன்னாடியே செஞ்சுடுங்க, காயட்டும் என்றாள்.

அப்போது மறுகோடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாப்பா எழுந்துவிட்டது போலிருக்கிறது. அந்தப் பையன் எஞ்சினை இழுத்து வந்தான். பின்னால் மஞ்சள் கவுனின் பெட்டி, அதன் பின்னால் மீன் லாரி, கடை, மற்ற எல்லாப் பெட்டிகளும். மற்ற எஞ்சின்களையும் யாரோ நடுநடுவே மாட்டியிருந்தார்கள். பிள்ளைகள் தங்கள் தங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தார்கள், யாரும் திருடிவிடக் கூடாதே என்று. மேசைக்கால் சக்கரங்கள் சிமெந்தில் கடகடவென்று உருண்டன.

"கால எடுங்க, கால எடுங்க," என்று முன்னால் ஒருவன் கத்திக்கொண்டே வந்தான்.

வாசலுக்கு வாசல் பெண்கள் காலைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அம்மா சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இரண்டு காலையும் உயர்த்தி, ரயில் முழுக்கக் கடந்து போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.