பால்குடமும் என் குதிகாலும்

போன வருடத் தைப்பூசத்தன்று, பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் நடந்தது இது. நினைத்தால் இன்னும் எனக்கு என் மீதே ஆத்திரம் வருகிறது.

பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பன்னிரண்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை. வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, பிள்ளைகளின் பாடம். நாற்பது வயதுக்கு மேல்தான் ஓடப் பழகினேன். லீவு நாளில் காலையில் கடற்கரையோரம் ஒரு மணி நேரம் ஓடுவேன். யாரும் என்னைக் கூப்பிட முடியாத ஒரே நேரம் அது. வேர்வை வழிய சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பும்போது நான் வேறு ஆளாக இருப்பேன்.

அப்புறம் வலது குதிகாலில் வலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் ஆணியை மிதித்தது போல இருக்கும். பாதத்துத் தசைநார் வீங்கியிருக்கிறது, மூன்று மாதம் ஓடக்கூடாது, வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக்கூடாது என்றார் டாக்டர். சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் செருப்பா? தலையாட்டிவிட்டு வந்து வெறுங்காலோடுதான் நடந்தேன். இரண்டே வாரத்தில் ஓடவும் போனேன். வலி கூடி, ஓட்டம் ஒரேயடியாக நின்றது. வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன்.

கால் சரியானால் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டியது நடந்த பிறகு எடுப்பதுதான் எங்கள் வழக்கம். எனக்கோ அவசரம். முதலிலேயே எடுத்துவிட்டால் அவரால் மறுக்க முடியாது என்று நினைத்தேன். என்ன புத்திசாலித்தனம்!

பால்குடம் என்றால் வெறுங்கால்தான். என்னோடு விரதம் இருந்த தங்கையும் கூட வந்தாள். "டாக்டர் என்னக்கா சொன்னாரு? இந்தக் காலோட முடியாதுலா. அடுத்த வருஷம் எடுக்கலாம்" என்று கிளம்பும்போதே கெஞ்சினாள். நான் முறைத்தேன். பாதி வழியில் வெயில் ஏறி, தார் ரோடு கொதித்தது. ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு முன்னால், குதிகாலுக்குள் ஏதோ படக்கென்று அறுந்தது. தங்கை பிடித்திராவிட்டால் பால் முழுவதும் ரோட்டில் போயிருக்கும்.

பந்தலில் பக்தர்களின் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்து என்னை உட்கார வைத்தார். முன்பின் தெரியாதவர். என் அழுக்குப் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "பால் கொண்டு வரேன்னுதானே வேண்டிக்கிட்டீங்க, காலையும் சேர்த்தா கொடுக்கணும்? குடத்தைத் தங்கச்சிகிட்ட கொடுங்கக்கா" என்றார்.

தங்கை குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தில் மறைந்தாள். நான் அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அவர் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி என் குதிகாலில் வைத்துப் பிடித்திருந்தார், தங்கை திரும்பி வரும்வரை.

ஸ்கேனில் தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. வருடம் ஒன்றாகிவிட்டது. நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன். ஓடுவது இனி சந்தேகம்தான் என்கிறார் டாக்டர். இப்போது வீட்டுக்குள் செருப்போடுதான் நடமாடுகிறேன், சாமி படத்துக்கு முன்னால்கூட. ஓடும் ஷூவை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார்கள் பிள்ளைகள். மனம் வரவில்லை.

மாதக்கணக்கில் என்னிடம் கெஞ்சிய காலின் பேச்சைக் கேட்காமல், முருகனிடம் போய் நான் கெஞ்சினேனே என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை.