கேட்கும் தூரம்

எமோரியின் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அவன் மனைவி தோரிகா காலடி வைத்து அளந்திருந்தாள். ஜனவரியில் நாற்பது அடி. மரவள்ளித் தோட்டத்துக் கடைசி வரிசையில் அவள் போய் நின்றுகொள்வாள். அவன் வாசலில் நின்று உத்தரவு போட வேண்டும். காதில் விழுந்தால் கையைத் தூக்குவாள். விழாவிட்டால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். ஜனவரி முழுக்க அவள் கை இடுப்பில்தான் இருந்தது.

ஆள் ஒன்றும் நோஞ்சான் இல்லை. ஒன்பது வருடமாக ராணுவத்தில் இருக்கிறவன், அதில் ஒரு வருடம் சினாய் பாலைவனத்தில் அமைதிப்படைக் காவல்; இப்போது நீண்ட விடுப்பில் ஊரில். மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மேட்டை ஆறு தடவை ஏறி இறங்கிவிட்டு, அதே மூச்சில் ஈரப்பலா மரக்கிளையில் தொங்கி இருபது தடவை எம்புவான். போன வருடம் படைப்பிரிவே அவன் பெயரை அதிகாரிப் பயிற்சித் தேர்வுக்கு எழுதி அனுப்பியது. தலைநகர் சுவாவில் மூன்று நாள் சோதனை. திரும்பி வந்த தாளில் மூன்றே வரி. உடல்: மிக நன்று. அறிவு: நன்று. ஆணையிடுதல்: குரல் யாருக்கும் கேட்கவில்லை.

எப்படிக் கேட்கும்? ஐந்து பேரையும் இரண்டு பீப்பாயையும் ஒரு கட்டையையும் கையில் கொடுத்துப் பள்ளத்தைத் தாண்டச் சொன்னால், "முடிஞ்சா அந்தக் கட்டையக் கொஞ்சம் தூக்கலாமா" என்று கேட்டிருக்கிறான் இந்த மனிதன். ஐவரில் ஒருவன் எங்கோ வடக்கே ஒரு தலைவர் வீட்டுப் பிள்ளை. அது தெரிந்த நிமிடமே இவன் குரல் பாதியாகிவிட்டது.

அவனை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த ஆற்றங்கரை ஊரில் எமோரியின் குடி, தலைவர் வீட்டுக்குத் தெப்பம் கட்டும் குடி. மூங்கில் வெட்டுவது, கட்டுவது, தலைவரை அக்கரை சேர்ப்பது, ஆற்றின் குணம் பார்த்துச் சொல்வது, இதுதான் ஏழு தலைமுறை வேலை. தலைவர் வீட்டு ஆள் உட்கார்ந்திருந்தால் இவர்கள் குனிந்து, 'துலோ, துலோ' என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கடக்க வேண்டும். அவர்கள் தலைக்கு மேல் இவர்கள் தலை நிற்கக் கூடாது, கை நீளக் கூடாது, குரல் போகக் கூடாது. எதைச் சொல்வதானாலும் முதலில் தாழ உட்கார்ந்து, கையைக் குவித்து மெல்லத் தட்டி, அப்புறம்தான் வாயைத் திறக்கலாம்; அதுவும் தலைவரைத் 'துராங்கா' என்றும் அவர் வீட்டு ஆண்களை 'ராத்து' என்றும் விளித்துத்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வயது வரம்பு இருபத்தெட்டு. எமோரிக்கு வரும் மே மாதம் இருபத்தெட்டு முடிகிறது. ஏப்ரல் கடைசியில் நடக்கும் தேர்வை விட்டால் சாகும்வரை கார்ப்பரல்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அந்த வாயை எப்படியாவது திறந்துவிடுவது என்று தோரிகா கங்கணம் கட்டிக்கொண்டாள்.

"என்னை எழுப்பு பாக்கலாம்" என்பாள், பாயில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு.

"தோரிகா, எழுந்திரிக்கிறியா?"

"இல்ல, எழுந்திரிக்கல. மாமியார்கிட்ட உப்பு கேக்குற மாதிரி கேக்குற."

"எழுந்திரு."

"இதுக்குப் பன்னிகூட அசையாது."

பிப்ரவரி முடிவதற்குள் பன்றி அசைந்தது. மார்ச்சில் இருநூறு அடி. ஒருநாள் காலையில் அவன் "நில்" என்று போட்ட சத்தத்தில் மேட்டுச் சாலையில் போய்க்கொண்டிருந்த பஸ் நின்றுவிட்டது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "யாரக் கொல்றீங்க அங்க" என்று கேட்டார். தோரிகா தோட்டத்திலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அதுதான் அவள் கடைசியாக அப்படிச் சிரித்தது.

அந்த வாரமே தலைவர் ஆள் அனுப்பினார். அவருடைய ஒரே மகன் ராத்து கினி, சுவாவில் பட்டம் படித்து முடித்தவன், இருபத்திரண்டு வயது, அவனும் அதே தேர்வுக்குப் போகிறானாம். எமோரியின் குடியை உட்காரவைத்து யங்கோனா வேர்ப்பானம் கரைத்து ஊற்றி, பிரி கட்டிய திமிங்கலப் பல் ஒன்றைத் தலைவர் தன் கையாலேயே முன்னால் வைத்தார். "என் பிள்ளையத் தயார் பண்ணு. உன் கையில குடுக்கிறேன்" என்றார். திமிங்கலப் பல்லை நீட்டிய பிறகு மறுத்தவர் அந்த ஊர் வரலாற்றிலேயே கிடையாது. எமோரி கைதட்டி, பல்லை வாங்கி முகர்ந்து மடியில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் தோரிகா அதைத் தொடவே இல்லை.

"பல்லை வாங்கிட்டு வந்துட்ட. இனி அவன் கால்ல முள்ளு குத்தினாலும் நம்ம தலைதான்."

"நல்ல பையன், தோரிகா."

"நல்ல பையன்தான். அவனுக்கு நீ உத்தரவு போடுவியா? அதச் சொல்லு முதல்ல."

அவன் காலணிக்கு மெருகு போட உட்கார்ந்தான்.

ராத்து கினி உண்மையாகவே நல்ல பையன், அதுதான் வயிற்றெரிச்சல். கர்வம் பிடித்தவனாக இருந்தால் அவன்மேல் கோபமாவது பட்டிருக்கலாம். முதல் நாளே எமோரியின் தோளில் கை போட்டுக்கொண்டு, "இங்க பாரு, ராத்துவெல்லாம் வேணாம். என்னக் கினின்னு கூப்பிடு" என்றான்.

"சரிங்க ராத்து."

"தப்பு பண்ணா திட்டு."

"திட்டுறேங்க ராத்து."

கினி சிரித்தான். படித்தவர்களுக்கு இப்படி ஒரு நினைப்பு, தான் ஒரு வார்த்தை சொன்னால் ஏழு தலைமுறை எழுந்து வெளியே போய்விடும் என்று.

இருவரும் சேர்ந்து ஓடினார்கள். கினி மேட்டின் பாதியில் உட்கார்ந்துவிட்டால் எமோரியும் உடனே உட்கார்ந்துவிடுவான், உட்கார்ந்திருக்கும் அவன்முன் தான் நிற்கலாமா? எப்படி ஓட்டுவது, எப்படி விரட்டுவது? தோரிகா ஒரு யோசனை சொன்னாள்: ஒரு நாள் கினி அதிகாரி, மறுநாள் எமோரி அதிகாரி, அதிகாரி சொன்னதை மற்றவன் செய்தே தீர வேண்டும். கினியின் முறை வந்தால் எல்லாம் மணி அடித்தாற்போல் நடந்தது. எமோரியின் முறையில் உத்தரவு விண்ணப்பமாகிக் கீழே விழுந்தது.

"பன்னிக்கும் பஸ்ஸுக்கும் மட்டும்தான் நீ அதிகாரி" என்றாள் தோரிகா.

"அங்க போய்ச் சொல்லிடுவேன். அங்க எல்லாரும் ஒரே உடுப்பு."

"போன வருசமும் ஒரே உடுப்புதான்."

அவளுக்குப் பயமாக இருந்தது. தேர்வு போய்விடுமோ என்ற பயம் மட்டும் இல்லை அது. வேறு என்ன என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. சனிக்கிழமை காலை. எமோரியின் முறை. மூங்கில் தெப்பத்தில் மணல் மூட்டையை ஏற்றி அக்கரையில் கயிறு கட்டித் திரும்ப வேண்டும், இருபது நிமிடத்துக்குள். எமோரி மேட்டுக் கரையில் நின்று ஆணையிட வேண்டும், கினி ஆற்றில் இறங்கிச் செய்ய வேண்டும். தோரிகா கையில் கடிகாரத்தோடு சற்றுத் தள்ளி நின்றாள். ஊருக்கு மேலே வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மேற்கே மலைமேல் மட்டும் விடியற்காலையிலிருந்தே கருப்பு.

கினி இடுப்பளவு தண்ணீரில் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போனான். எமோரி தண்ணீரைப் பார்த்தான். தேநீர் நிறம். காய்ந்த மூங்கில் இலைகள் கூட்டமாக வந்தன, நடுவில் நுரை ஒன்று நின்ற இடத்திலேயே சுற்றியது. சற்றுமுன் உலர்ந்திருந்த கல் இப்போது நனைந்திருந்தது. அந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவன் குடிக்குத் தெரியும், இதற்குப் பின்னால் வருவது என்னவென்று. மலைவெள்ளம். இன்னும் மூன்று நிமிடமோ நான்கோ.

கத்த வேண்டியதுதானே. பஸ்ஸை நிறுத்திய தொண்டை. கினி ஐம்பது அடிகூடப் போகவில்லை.

ஆனால் எமோரி நின்றது பத்தடி உயரத்தில். கினியின் தலை அவன் பாதத்துக்குக் கீழே இருந்தது. ஏழு தலைமுறை அவன் முட்டியை மடக்கியது. அவன் கரைச்சரிவில் சறுக்கி இறங்கினான். இறங்கிச் சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கையைக் குவித்து மூன்று தடவை தட்டினான்.

"துலோ, ராத்து. தண்ணி நெறம் சரியில்லைங்க. கொஞ்சம் கரைக்கு வந்தீங்கன்னா நல்லது."

கினி முதுகைக் காட்டிக்கொண்டு தெப்பத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். தண்ணீர் இரைச்சலில் அவனுக்கு என்ன கேட்கும்? எமோரி மறுபடியும் தட்டினான். மறுபடியும் சொன்னான், அதே குரலில்.

மேலே தோரிகா அதைப் பார்த்துவிட்டாள். கடிகாரத்தைப் போட்டுவிட்டு, "கினி, வெளிய வா, வெள்ளம்" என்று அலறினாள். அவன் திரும்பினான். சிரித்துக்கொண்டே காதில் கை வைத்து, என்ன என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் ஆற்று வளைவில் தண்ணீர் சுவர்போல நிமிர்ந்து வந்தது, முழு மரம் ஒன்றைச் சுமந்துகொண்டு.

அப்புறம் எமோரி செய்தது எதிலும் குறை சொல்ல முடியாது. குதித்தான். ஒரு மைலுக்கு மேல் அந்த வெள்ளத்தோடு போனான். வேரில் மோதி விலா எலும்பு விரிசல் விட, பாதி உயிரோடு கரையில் கிடந்தவனைக் கீழூர்க்காரர்கள் தூக்கி வந்தார்கள். கினியை இரண்டாம் நாள் மணல்திட்டில் கண்டெடுத்தார்கள்.

போலீஸ்காரர் வந்து விசாரித்து, 'உடன் இருந்தவர் எச்சரித்தார்' என்று எழுதிக்கொண்டு போனார். பொய்யில்லை. தாளில் எழுதினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

அடக்கம் முடிந்ததும் ஊர்மேல் தடை விழுந்தது. நூறு நாள் ஆற்றில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது, யாரும் குரல் உயர்த்தக் கூடாது. விறகுகூட ஊருக்கு வெளியேதான் பிளந்தார்கள். தோரிகா எமோரியின் சட்டைகளைத் தேய்த்துப் பையில் அடுக்கி வாசலில் வைத்தாள். மறுநாள் காலை தேர்வுக்குச் சுவா பஸ்.

"போகப் போறியா?" என்று கிசுகிசுத்தாள்.

அவன் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று பிற்பகல் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

எமோரி முழங்காலிலேயே உள்ளே நகர்ந்தான், துலோ, துலோ என்று முனகிக்கொண்டு. தலைவர் வழக்கமாகப் பேசுவது தன் பேச்சாளர் மூலமாகத்தான். இன்று அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார். சுவரோரம் விரித்த பாய்களில் நான்கைந்து பெண்கள் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். வாசற்படிக்கு வெளியே தோரிகா நின்றாள்.

"கூப்பிட்டியா அவன?" என்றார் தலைவர்.

"கூப்பிட்டேங்க, துராங்கா."

"எப்படிக் கூப்பிட்ட? அப்படியே சொல்லு."

எமோரி கையைக் குவித்து மூன்று தடவை தட்டினான். தரையைப் பார்த்தபடி சொன்னான். துலோ, ராத்து. தண்ணி நெறம் சரியில்லைங்க. கொஞ்சம் கரைக்கு வந்தீங்கன்னா நல்லது.

இருவருக்கும் இடையே ஒரு பாய் அகலம்தான் இருந்தது.

"எனக்கே கேக்கல" என்றார்.

எமோரி நெற்றியைப் பாயில் பதித்தான்.

"எழுந்து நில்லு."

"துராங்கா, வேண்டாங்க."

"என் முன்னாடி எழுந்து நில்லுங்கிறேன். நின்னு கூப்பிடு."

அவன் நின்றான். அந்த வீட்டில் அவன் குடியில் யாரும் நின்றதில்லை. உட்கார்ந்திருந்த கிழவரின் நரைத்த தலை அவன் இடுப்புக்குக் கீழே இருந்தது. திறந்திருந்த கதவு வழியே ஆறு தெரிந்தது, வெள்ளம் வடிந்து, ஒன்றும் அறியாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"கினி," என்று கத்தினான் எமோரி, "திரும்பி வா."

மரவள்ளித் தோட்டம் தாண்டி, பள்ளிக்கூட மேடு தாண்டிப் போனது அந்தக் குரல். தடை விழுந்த ஊரில் நாய்கள் எழுந்து நின்றன. அக்கரையில் விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடரியைக் கீழே வைத்தான். வாசலில் தோரிகாவின் கை தன்னை அறியாமல் தோளுக்கு மேல் உயர்ந்து, அப்படியே நின்றது.

தலைவர் தலையை ஆட்டினார்.

"இப்பக் கேக்குது" என்றார்.