கவர் பிரிக்காத மெஷின்

கிழக்குத் தாம்பரத்தில் நான் நர்ஸாக இருந்த முதியோர் இல்லத்தில் ஒரு பாதுகாப்பு அதிகாரி இருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் எப்போதும் ஒரு ஃபைல். வேலை செய்கிறவர்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்குச் சம்பளம். அவர் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது அந்த ஃபைலை மட்டும்தான்.

படுக்கையிலேயே கிடப்பவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க ஒரு மெஷின் வாங்கியிருந்தார்கள். அதன் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்க அந்த மகானுபாவர் விடவேயில்லை. தினமும் காலையில் துணியால் துடைப்பார். ஆயுத பூஜைக்குக் கவர் மேலேயே சந்தனம், குங்குமம் வைத்தார். எல்லோரையும் கையாலேயே தூக்கித் தூக்கி, ஆயா வேலை செய்த அக்கா இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு நடந்தாள்.

"ஒரு தபா பிரிச்சுதான் பாக்கலாமே சார், எனக்கு இடுப்பே போச்சு" என்றாள் ஒருநாள்.

"கீறல் விழுந்தா இன்ஸ்பெக்‌ஷன்ல யாரும்மா பதில் சொல்றது?"

அடுத்த வாரம் மெஷினின் சக்கரத்தைத் துடைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்துவிட்டார். அவரைத் தூக்க நான் ஓடிப்போய் மெஷின் கவரில் கை வைத்தேன்.

"வேணாம் சிஸ்டர்... கவர் கிழிஞ்சிடும்" என்று முனகினார்.

அக்காதான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு அவரைத் தூக்கினாள்.

ஊரை ஏமாற்றுகிற ஆள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கவர் கிழியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று மனுஷன் உண்மையாகவே நம்பியிருக்கிறார். ஏமாற்றுக்காரராகவே இருந்து தொலைத்திருக்கலாம்.