கொட்டமுத்தும் முதல் பாலும்

சென்னியம்மாள் ஊர்ப் பெரியதனக்காரர் ராசப்பனுக்கு முந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தாள். புருஷன் காசநோயில் கிடந்தபோது ஊசிமருந்துக்கு வாங்கியது. புருஷன் போய்விட்டான், கடன் போகவில்லை.

வெண்ணந்தூர்ப் பக்கம் பிரசவம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள்தான். ஆனால் குறுக்கே கிடக்கிற பிள்ளையை வெளியிலிருந்தே தடவித் திருப்பிவிடுவாள். இன்றைக்கு மீசை முறுக்கித் திரிகிற லாரிக்காரர்களில் பாதிப்பேர் அவள் கையில் விழுந்தவர்கள். இல்லையென்று எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம்.

எண்பத்து நாலில் சேலத்தில் மருத்துவச்சிகளுக்கு வெளிநாட்டுப் பணத்தில் ஒரு மாதப் பயிற்சி வைத்தார்கள். முடிவில் முந்நூறு ரூபாய் படி என்றதால் போனாள். கூரை வேய்ந்துகொள்ளலாம் என்று எண்ணம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, பிளேடைக் கொதிக்கவை என்றதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறந்ததும் மார்பில் போடு, சேனைத் தண்ணி வைக்காதே என்றபோது மட்டும் சிரித்துவிட்டாள். எங்கள் பக்கம் சர்க்கரைத் தண்ணிதான் முதலில். தாய்ப்பால் மூன்றாம் நாள்.

கடைசிப் பாடம் ஆணும் பெண்ணும் சமம் என்பது. டாக்டரம்மா ஆளுக்குக் கொஞ்சம் துவரையும், கொட்டமுத்து என்கிற ஆமணக்கு விதையும் கொடுத்தார். போன வருசம் நீங்கள் எடுத்த பிள்ளைகளில் உயிரோடு இருக்கிற ஆணுக்குத் துவரை, பெண்ணுக்குக் கொட்டமுத்து வையுங்கள் என்றார். துவரை குவிந்தது. கொட்டமுத்து கையிலேயே தங்கிவிட்டது. ஒருத்தியும் நிமிரவில்லை. சென்னியம்மாள் தன் கையால் எதுவும் செய்தவளில்லை. ஆனால் மறுநாள் போய், பிள்ளை எங்கே என்று கேட்டவளுமில்லை.

ஊர் திரும்பின வாரமே ராசப்பன் ஆள் அனுப்பினார். மருமகள் வசந்தாமணிக்கு வலி. முதல் இரண்டும் பெண். வாசலில் நிறுத்தி மெதுவாகத்தான் சொன்னார்.

"பையன்னா ஒனக்குச் சீலை. பொண்ணுன்னா சேனைத் தண்ணிய நாங்க வெச்சுக்கறோம், நீ பேசாம ஊட்டுக்குப் போயிரு. கடனையும் கேக்கமாட்டேன்."

அந்தத் தண்ணியில் என்ன கலந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் சொல்லைத் தட்டினவர்களுக்கு அந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் கிடையாது என்பதும் தெரியும்.

வெயில் சாயும் நேரம் பிள்ளை விழுந்தது. பெண். கதவுக்கு வெளியே மாமியார் சின்னாயியின் வளையல் சத்தம். சேனைத் தண்ணி ஊற்றின பாலாடையோடு நிற்கிறாள். சென்னியம்மாள் தொப்புள்கொடியை அறுத்து, பிள்ளையைத் துடைத்து வசந்தாமணி பக்கத்தில் கிடத்தினாள்.

"சாமி, மாரத் தொற," என்றாள்.

"மூணாம் நாளுதானுங்களே?" என்றாள் வசந்தாமணி.

"இன்னிக்கேதான். ஒங்க அத்தை உள்ள வாரதுக்குள்ள."

தாய்ப்பால் குடித்த பிள்ளைமேல் எங்கள் பக்கம் யாரும் கை வைக்கமாட்டார்கள். பால் இறங்கிவிட்டால் அது வீட்டுப் பிள்ளை. மூன்று நாள் தள்ளிப்போடுவதில் அந்த வசதியும் இருந்தது. பிள்ளை தேடியது, தவறியது, மறுபடி தேடியது. கதவு திறந்தபோது பிடித்துக்கொண்டிருந்தது.

சின்னாயி பார்த்தாள். பாலாடையை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பிப் போனாள்.

சென்னியம்மாள் வெளியே வந்தபோது ராசப்பன் எழுந்து நின்றார்.

"பால் குடுத்துட்டியா?"

"குடிச்சிருச்சுங்க சாமி."

அவர் வலது கையை விரித்து நீட்டினார்.

"அப்ப எம்பணம்?"

பூட்டில்லாத குடிசைக்காரி, சேலத்துப் படிப்பணம் முந்நூறும் இடுப்புச் சுருக்குப்பையில்தான் இருந்தது. ஒவ்வொரு நோட்டாக எண்ணி அந்தக் கையில் வைத்தாள்.