இரவல் கோட்டு

சட்டக் கல்லூரி விடுமுறைக்கு மதுரை வந்திருந்த மாணவர்களுக்காக, ஊர் வக்கீல் ஒருவர் தம் வீட்டு மாடியில் மாதிரி நீதிமன்றம் நடத்தினார். நீதிபதியும் அவரே. ஜெயிக்கிறவரைப் படிப்பு முடிந்ததும் ஜூனியராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

நான் சென்னையில் படித்தேன். எதிர்த்தரப்பில் நின்ற ஆனையூர்க்காரர் திருவனந்தபுரத்தில் படித்தவர். ஒல்லியான உடம்பு. யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டின் கைகள் விரல் நுனிவரை தொங்கின. வாய் திறக்குமுன் அவற்றை மடித்துவிட்டுக்கொள்வார்.

வாய்க்கால் தண்ணீர் வழக்கு. என் வாதம் பாதியிலேயே நொண்டிவிட்டது. அவர் எழுந்து கோட்டுக் கைகளை மடித்துவிட்டார்.

"என் கட்சிக்கு விரோதமான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. நண்பர் அதைச் சொல்லவில்லை. மன்றத்துக்குக் காட்டுவது என் கடமை" என்று புத்தகத்தை நீட்டினார்.

அந்தத் தீர்ப்பை நான் பார்த்ததே இல்லை. அவர் எடுத்துக் காட்டியதால்தான் ஜெயித்தேன்.

படியிறங்கும்போது கேட்டேன்: "என்னண்ணே, கையில இருந்த கேஸைத் தூக்கிக் குடுத்துட்டீகளே? இது வெறும் வெளாட்டுக் கோர்ட்டுதானே?"

"கோர்ட்டுதாண்ணே வெளாட்டு. தீர்ப்பு நெசந்தானே? பாத்தப்புறம் எப்பிடி மறைக்கிறது? சரி, வாரேன்" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவரை மறுபடி பார்க்கவில்லை. வக்கீலான பிறகு, எனக்குப் பாதகமான தீர்ப்பை நானே எடுத்துக் கொடுத்துச் சில வழக்குகளில் தோற்றிருக்கிறேன். ஆனால் என் வார்த்தையை எந்த நீதிபதியும் சந்தேகித்ததில்லை. அந்த நல்ல பேர் அவரிடம் வாங்கிய இரவல் கோட்டு. எனக்கு இன்னும் தொளதொளவென்றுதான் இருக்கிறது.